சிலை நீங்கிய பீடம்



ஒரு மனிதனுக்குச் சிலை எடுப்பது எளிது. எடுத்த சிலையைப் பல தலைமுறைகள் ஏற்கும்படி நிலைநிறுத்துவதே அரிது. ஸ்பெயின் நாட்டின் பெருந்துறைமுகமாகிய பார்சலோனா நகரிலே, தலைமைத் தபாற்கந்தோருக்கு அருகில், கடலை அடுத்து ஒரு சதுக்கம் உண்டு. அங்கே உயர்ந்த கற்பீடம் ஒன்றின்மீது ஒரு வணிகரின் சிலை நெடுங்காலம் நின்றது. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் 4ஆந் திகதி, மக்கள் திரண்டு பார்த்துநிற்க, நகரசபையாரின் கட்டளைப்படி அச்சிலை பாரந்தூக்கியினால் இறக்கப்பட்டது. பீடம் மட்டும் அங்கேயே விடப்பட்டது.

அந்தச் சிலைக்கு உரியவர் அந்தோனியோ லோப்பெஸ் என்பவர். கோமில்யாஸ் பிரபு என்னும் பட்டம் பெற்றவர், ஸ்பெயினின் மிகப்பெரிய கப்பற் கம்பனியை நிறுவியவர், அரசனுக்கு விருந்தளித்தவர். அவருக்குச் சிலை வைத்தவர்களும் அதே நகரத்தார். அகற்றியவர்களும் அதே நகரத்தார். இரு செயல்களுக்கும் காரணம் உண்டு. அவற்றை அறிய வேண்டுமாயின் அவருடைய வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து நோக்குதல் வேண்டும்.

ஸ்பெயினின் வடகரையிலே, பிஸ்கே விரிகுடாவை நோக்கியபடி, கந்தாபிரியா என்னும் மலைநாடு இருக்கின்றது. மழையும் பசும்புல்லும் நிறைந்த நாடு. ஆனால் விளைநிலம் குறைந்த நாடு. அங்குள்ள கோமில்யாஸ் என்னும் சிற்றூரிலே 1817ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 12ஆந் திகதி லோப்பெஸ் பிறந்தார். தந்தையை இளமையிலேயே இழந்தார். தாயார் வறுமையோடு போராடியே பிள்ளைகளை வளர்த்தார்.

அவர் பிறந்த அதே 1817ஆம் ஆண்டிலே, செப்டெம்பர் மாதத்தில், மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. ஆபிரிக்க மக்களைப் பிடித்து அடிமைகளாக விற்கும் வணிகத்தை ஒழிப்பதாக ஸ்பெயின் மன்னர் பிரித்தானியாவுடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். இதனால் நேரும் நட்டத்துக்கு ஈடாக நான்கு இலட்சம் பவுணை பிரித்தானியா வழங்கியது. உடன்படிக்கையின்படி 1820ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஸ்பானியக் கொடி பறக்கும் எந்தக் கப்பலும் ஆபிரிக்கக் கரையிலே மனிதரை ஏற்றுதல் குற்றமாகும். ஆகவே லோப்பெஸ் வளர்ந்து வாலிபனாகும்போது அந்த வணிகம் சட்டத்தினால் விலக்கப்பட்டதாகவே இருந்தது. இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். "அக்காலத்து வழக்கம் அது, அன்று அதனைத் தவறென்று யார் சொன்னார்?" என்று பின்னாளிற் சிலர் வாதாடினர். அந்த வாதம் எத்துணை வலுவுடையது என்பதை இந்த ஆண்டுக்கணக்கே தெளிவாக்கும்.

வறிய குடும்பத்து இளைஞர்கள் கப்பலேறி அமெரிக்கக் குடியேற்ற நாடுகளுக்குச் செல்வது அந்த மலைநாட்டில் வழக்கமாயிருந்தது. போனவர்களுட் பலர் நோய்க்கும் வறுமைக்கும் இரையாகித் திரும்பாமலே போயினர். திரும்பிய சிலர் பெரும்பொருளோடு வந்து ஊரிலே மாளிகை கட்டினர். கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடையளித்தனர். அமெரிக்காவை 'இந்தியத் தீவுகள்' என்றே ஸ்பானியர் அழைத்து வந்தமையால், இவ்வாறு திரும்பிய செல்வர்களுக்கு 'இந்தியானோ' என்று பெயர் வழங்கியது. கடல் கடந்து சென்று காசோடு திரும்பிய மாமன் ஒருவரின் கதை எந்தக் கரையோர ஊரில்தான் இல்லை? அக்கதைகளைக் கேட்டு வளர்ந்த லோப்பெசும் சிறுவயதிலேயே கியூபாத் தீவுக்குப் புறப்பட்டார்.

ஸ்பெயினின் பேரரசு அப்போது சுருங்கிக்கொண்டிருந்தது. மெக்சிக்கோ முதல் ஆர்ஜென்றீனா வரையுள்ள பெருநிலப்பரப்பு முழுவதும் விடுதலை பெற்றுவிட்டது. கரிபியன் கடலிலே கியூபாவும் புவேர்ட்டோ ரிக்கோவும், கிழக்கே பிலிப்பைன் தீவுகளும் முக்கிய உடைமைகளாக எஞ்சியிருந்தன. அவற்றுட் கியூபாவே பொன்முட்டையிடும் வாத்து. உலகச் சந்தைக்குச் சீனி விளைத்துக் கொடுத்த நாடு அது. கரும்புத் தோட்டங்களிலும் ஆலைகளிலும் உழைத்தவர்கள் ஆபிரிக்க அடிமைகள். உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த 1820ஆம் ஆண்டுக்குப் பின்னரும் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆபிரிக்கர் கள்ளத்தனமாக அத்தீவிலே இறக்கப்பட்டனர். இரவிலே, ஆளரவமற்ற குடாக்களிலே கப்பல்கள் வந்து நிற்கும்; படகுகள் மனிதரைக் கரைசேர்க்கும்; மேலதிகாரிகள் தலைக்கு இவ்வளவு என்று இலஞ்சம் பெற்றுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வர். சட்டம் ஏட்டிலே இருந்தது. வணிகம் நாட்டிலே நடந்தது.

லோப்பெஸ் தீவின் கிழக்குப் பாகத்திலுள்ள சாந்தியாகோ பட்டினத்திலே நிலைகொண்டார். சிறு வணிகராகத் தொடங்கி, கடை வைத்து, சகோதரனையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு படிப்படியாக முன்னேறினார். உழைப்பிலும் கணக்கிலும் தவறாதவர் என்று பெயர் பெற்றார். ஆனால் அந்தக் கடையின் கணக்கிலே துணியும் மாவும் மட்டும் இடம்பெறவில்லை. 1840களிலே மனிதரை வாங்கி விற்கும் வணிகத்திலும் அவர் ஈடுபட்டார். சாந்தியாகோவிலே வாங்கிய அடிமைகளை, விலை அதிகமாயிருந்த மேற்குப் பாகத்துச் சீனித் தோட்டங்களுக்கு அனுப்பி விற்று ஆதாயம் பெற்றார். இஃது எதிரிகள் கட்டிய கதையன்று. மார்த்தீன் ரொத்ரீகோ என்னும் வரலாற்றாசிரியர், பழைய நொத்தாரிசு உறுதிகளையும் வணிகப் பத்திரங்களையும் ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டிலே கோமில்யாஸ் பிரபுக்களைப் பற்றி வெளியிட்ட நூலில் இவ்வணிகத்தைச் சான்றுகளோடு விளக்கியிருக்கிறார்.

சாந்தியாகோவுக்குத் தெற்கே, கடலுக்கு அப்பால், ஜமேக்காத் தீவு இருக்கின்றது. பிரித்தானியரின் ஆட்சியிலிருந்த அத்தீவிலே 1838ஆம் ஆண்டிலே அடிமைகள் முற்றாக விடுதலை பெற்றுவிட்டனர். அங்கே விடுதலை பெற்ற மனிதன். இங்கே விலைபேசப்படும் மனிதன். இடையிலே இருந்தது கடல் மட்டுமே. அந்தக் கடலோரத்திலே கடை வைத்திருந்த ஒருவர், அடிமை வணிகம் தீது என்னும் குரலைக் கேட்டிருக்கவில்லை என்று கூறுதல் பொருந்தாது.

1848ஆம் ஆண்டிலே லோப்பெஸ் லூயிசா புரூ என்னும் பெண்ணை மணந்தார். அவளுடைய தந்தையாகிய அந்திரேஸ் புரூ, சாந்தியாகோவில் வணிகம் செய்து பொருளீட்டிய கத்தலோனியர். இந்த மணத்தினாலே மூலதனமும் பார்சலோனா நகரத்துத் தொடர்பும் ஒருங்கே கிடைத்தன. அடுத்த சில ஆண்டுகளிலே அவருடைய கவனம் கடைவீதியிலிருந்து கடலுக்குத் திரும்பியது. 1850ஆம் ஆண்டளவிலே ஏறக்குறைய 400 தொன் கொண்ட நீராவிக் கப்பல் ஒன்றைக் கியூபாக் கரையோரப் போக்குவரத்திலே ஈடுபடுத்தினார். இருபுறமும் துடுப்புச் சக்கரமும், காற்று வாய்ப்பாக வீசும்போது விரிப்பதற்குப் பாயும் உடைய கப்பல் அது. ஜெனரல் ஆர்மெரோ என்பது அதன் பெயர். பிற்காலத்திலே ஸ்பெயினின் கொடியை உலகின் பல துறைகளிலும் பறக்கவிட்ட ஒரு கப்பற் கூட்டத்துக்கு இச்சிறு கலமே வித்தாயிற்று.

நீராவிக் கப்பலின் வருகை அக்காலத்திலே எத்தகைய மாற்றத்தை விளைத்தது என்பதைச் சிறிது எண்ணிப் பார்க்கவேண்டும். பாய்க்கப்பல் காற்றை நம்பியது. காற்றோ எவரையும் நம்பச் செய்வதில்லை. ஸ்பெயினிலிருந்து கியூபாவுக்குச் செல்ல ஒரு மாதமும் ஆகலாம்; இரண்டு மாதமும் ஆகலாம். நீராவிக் கப்பலோ மூன்று வாரத்துக்குள் சென்றடையும். அதனினும் முக்கியமானது, எந்த நாளிற் சேரும் என்று முன்னரே சொல்லக்கூடியதாக இருந்தமை. வணிகனுக்கு நாளே பணம். அரசுக்கோ, தொலைவிலுள்ள உடைமையை ஆள்வதற்குத் தபாலும் படையும் குறித்த நாளிற் சென்று சேர்தல் வேண்டும். இந்த உண்மையைத் தெளிவாகக் கண்டவர் லோப்பெஸ்.

கியூபாவிலிருந்து பொருளோடு திரும்பிய அவர், பத்திரீசியோ சத்ரூஸ்தெகி என்னும் பாஸ்க் நாட்டு வணிகரோடு கூட்டுச் சேர்ந்து, 1857ஆம் ஆண்டிலே மத்தியதரைக் கடற்கரையிலுள்ள அலிகாந்தே பட்டினத்திலே கப்பற் கம்பனி ஒன்றை நிறுவினார். அலிகாந்தேயைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. தலைநகராகிய மட்ரிட்டிலிருந்து அப்பட்டினத்துக்குப் புகையிரதப் பாதை அமைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. 1858ஆம் ஆண்டிலே அது திறக்கப்பட்டது. தலைநகரத்தின் ஆட்களும் பண்டங்களும் கடலை அடையும் முதற்றுறை அதுவே என்று கணக்கிட்டு, புகையிரதம் வந்து சேருமுன்னரே கப்பல்களோடு அங்கே காத்திருந்தார். மார்செயில், பார்சலோனா, அலிகாந்தே, காடிஸ் ஆகிய துறைமுகங்களை அவருடைய கப்பல்கள் இணைத்தன. தரையிலே ஓடும் இருப்புப் பாதையையும் கடலிலே ஓடும் கப்பலையும் ஒரே வழியின் இரு பகுதிகளாக நோக்கிய அந்த மதிநுட்பத்தை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

அடுத்து வந்தது ஒரு போர். 1859ஆம் ஆண்டிலே ஸ்பெயினுக்கும் மொறொக்கோவுக்கும் போர் மூண்டது. படைவீரரையும் குதிரைகளையும் தளபாடங்களையும் கடல் கடத்த அரசாங்கத்தின் கப்பல்கள் போதவில்லை. லோப்பெஸ் தம் நீராவிக் கப்பல்களை அப்பணியில் ஈடுபடுத்தினார். 1860ஆம் ஆண்டிலே போர் முடிந்தபோது, மட்ரிட்டிலுள்ள அமைச்சர்களுக்கும் படைத்தலைவர்களுக்கும் நம்பிக்கைக்குரியவராக அவர் விளங்கினார். அந்த நம்பிக்கையின் பயன் 1861ஆம் ஆண்டிலே கைகூடியது. கியூபாவுக்கும் புவேர்ட்டோ ரிக்கோவுக்கும் சாந்தோ தொமிங்கோவுக்கும் தபால் கொண்டு செல்லும் ஒப்பந்தம் அவருடைய கம்பனிக்குக் கிடைத்தது.

தபால் ஒப்பந்தம் என்றால் கடிதப் பைகளைச் சுமக்கும் கூலி என்று மட்டும் எண்ணிவிடலாகாது. குறித்த நாளிற் புறப்பட்டுக் குறித்த நாளிற் சேரும் ஒவ்வொரு பயணத்துக்கும் அரசாங்கம் ஒரு தொகையை உதவியாகக் கொடுக்கும். அதற்குக் கைம்மாறாகக் கம்பனி தபாலையும், உத்தியோகத்தரையும், படைவீரரையும் ஏற்றிச் செல்லும். கப்பலிற் பிரயாணிகள் குறைந்தாலும் சரக்குக் குறைந்தாலும் வருமானத்தில் ஒரு பகுதி உறுதியாக வந்துகொண்டே இருக்கும். உறுதியான வருமானம் உள்ளவனுக்குக் கடன் கொடுக்க எல்லோரும் முன்வருவர். அக்கடனைக் கொண்டு மேலும் கப்பல்கள் வாங்கலாம். இங்கிலாந்திலே பீ அன்ட் ஓ கம்பனியும் இதே முறையினாலேதான் வளர்ந்தது. லோப்பெஸ் தம் கப்பல்களுட் பலவற்றை ஸ்கொத்லாந்திலே கிளைட் நதிக்கரையிலுள்ள டம்பார்ட்டன் நகரத்து டெனி கப்பற் பட்டறையிலே கட்டுவித்தார். நம் நாட்டவர் நன்கறிந்த பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பற் கம்பனிக்கும் கப்பல்கள் கட்டிக் கொடுத்தது அதே பட்டறைதான். வெளிநாட்டில் வாங்கிய கப்பல்களைப் பழுதுபார்க்கவும் வெளிநாட்டை நம்பியிருத்தல் ஆகாதென்று கருதி, காடிஸ் விரிகுடாவிலே மாத்தகோர்தா என்னும் இடத்தில் உலர்துறை ஒன்றையும் அமைத்தார். 1878ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட அத்துறையைச் சுற்றி நாளடைவிலே பெரியதொரு கப்பல் கட்டும் தலம் வளர்ந்தது.

1868ஆம் ஆண்டிலே கியூபா மக்கள் விடுதலை கோரிக் கிளர்ந்தெழுந்தனர். பத்தாண்டுப் போர் என்று வரலாறு அழைக்கும் போர் அது. ஸ்பெயினிலிருந்து ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர் அலையலையாக அனுப்பப்பட்டனர். அவர்களை ஏற்றிச் சென்றவை பெரும்பாலும் லோப்பெசின் கப்பல்களே. பணம் கொடுத்துப் படைச்சேவையிலிருந்து தப்பும் வசதி செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இருந்தது. ஆகவே கப்பலேறியவர்கள் ஏழைக் குடியானவரின் பிள்ளைகள். அவர்களுட் பெருந்தொகையினர் வாளுக்கும் துப்பாக்கிக்கும் அன்றி, மஞ்சட் காய்ச்சலுக்கே இரையாயினர். ஒவ்வொரு வீரனுக்கும் கம்பனிக்குக் கட்டணம் கிடைத்தது. போகும்போதும் கிடைத்தது, உயிரோடு திரும்பினால் வரும்போதும் கிடைத்தது.

போர் நீடிக்க நீடிக்க அரசாங்கத்தின் திறைசேரி வறண்டது. அப்போது லோப்பெஸ் மற்றோர் உதவி செய்ய முன்வந்தார். 1876ஆம் ஆண்டிலே பார்சலோனாவிலே ஸ்பானியக் குடியேற்ற நாட்டு வங்கி என்னும் பொருள்படும் பாங்கோ இஸ்பானோ கொலோனியல் தோன்றியது. அவரே அதன் தலைவர். கியூபாவின் சுங்க வருவாயை ஈடாகக் கொண்டு அவ்வங்கி அரசாங்கத்துக்குப் பெருந்தொகையைக் கடனாக வழங்கியது. இதன் பொருளை ஆழ்ந்து நோக்கவேண்டும். கியூபாவை அடக்கச் செல்லும் படைக்கான பணத்தை வங்கி கொடுத்தது. படையைக் கப்பல் கொண்டு சென்றது. வட்டியையும் முதலையும் கியூபா மக்களே சுங்கவரியாகச் செலுத்தினர். வங்கியும் கப்பலும் ஒருவர் கையிலே இருந்தன. 1878ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே சஞ்ஞோன் என்னுமிடத்தில் ஒப்பந்தம் ஏற்பட்டுப் போர் ஓய்ந்தது. அதே ஆண்டு யூலை மாதத்திலே மன்னர் பன்னிரண்டாம் அல்பொன்சோ, லோப்பெசுக்குக் கோமில்யாஸ் பிரபு என்னும் பட்டத்தை வழங்கினார்.

அடிமை முறையை ஒழிக்கவேண்டும் என்னும் இயக்கம் இக்காலத்திலே ஸ்பெயினிலும் வலுப்பெற்று வந்தது. 1870ஆம் ஆண்டிலே, இனிமேற் பிறக்கும் பிள்ளைகள் அடிமைகளல்லர் என்று ஒரு சட்டம் செய்யப்பட்டது. 1873ஆம் ஆண்டிலே புவேர்ட்டோ ரிக்கோவில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. இச்சீர்திருத்தங்களைத் தடுப்பதற்காகப் பார்சலோனாவிலுள்ள குடியேற்ற நாட்டு வணிகரெல்லாம் கழகங்கள் அமைத்தனர், விண்ணப்பங்கள் எழுதினர், பத்திரிகைகளிலே வாதாடினர். அவர்களுக்கு முன்னணியில் நின்றவர்களுள் லோப்பெசும் ஒருவர். இளமையில் வறுமையினாலே செய்த பிழை என்று சாந்தியாகோ நாட்களைச் சிலர் மன்னிக்கலாம். ஆனால் செல்வமும் செல்வாக்கும் நிறைந்த ஐம்பதாவது வயதுக்குப் பின்னரும், பிறருடைய விடுதலைக்கு எதிராகத் தம் செல்வாக்கைப் பயன்படுத்தினார் என்பதை மறத்தல் இயலாது. கியூபாவிலே அடிமை முறை முற்றாக ஒழிந்தது 1886ஆம் ஆண்டிலேதான். அதனைக் காண அவர் உயிரோடு இருக்கவில்லை.

1881ஆம் ஆண்டு லோப்பெசின் வாழ்க்கையிலே உச்சமான ஆண்டு. அவ்வாண்டிலே அவருடைய பழைய கப்பற் கூட்டு விரிவடைந்து கொம்பாஞ்ஞியா திராசத்லாந்திக்கா, அஃதாவது அத்திலாந்திக் கடந்த கம்பனி, என்னும் பெரும் பங்குக் கம்பனியாக மாறியது. அதே ஆண்டிலே பிலிப்பைன் தீவுகளில் அரசாங்கத்துக்கிருந்த புகையிலை ஏகபோக உரிமையை ஒழிக்கக் கட்டளை பிறந்தது. கதவு திறந்தவுடனே உள்ளே நுழைந்தவர் லோப்பெஸ். நவம்பர் மாதத்திலே பிலிப்பைன் பொதுப் புகையிலைக் கம்பனி பார்சலோனாவிலே நிறுவப்பட்டது. ககயான் பள்ளத்தாக்கின் பெருந்தோட்டங்கள் அதன் கைக்கு வந்தன.

அதே ஆண்டுக் கோடையிலே மன்னர் தம் குடும்பத்தோடு கோமில்யாசுக்கு எழுந்தருளி லோப்பெசின் விருந்தினராகத் தங்கினார். ஊரிலே மின்விளக்குகள் ஏற்றப்பட்டன. ஸ்பெயினிலே மின்னொளி கண்ட முதல் தெருக்களுள் அச்சிற்றூரின் தெருக்களும் அடங்கும். கையில் ஒன்றுமின்றி ஊரைவிட்டுப் போன விதவையின் மகன், அரசனை அழைத்துவந்து அதே ஊரிலே அமரவைத்த காட்சியைக் கண்ட ஊரார் உள்ளம் எவ்வாறு பூரித்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். லோப்பெசைப் போற்றியவர்கள் ஏன் போற்றினர் என்பதற்கு இது ஒரு விடை.

கலைக்கும் சமயத்துக்கும் அவர் அளித்த ஆதரவு மற்றொரு விடை. கத்தலான் மொழியின் பெருங்கவிஞரும் குருவானவருமாகிய ஹசீந்த் வெர்தகேர், உடல்நலங் குன்றியிருந்தபோது, லோப்பெசின் கப்பல்களிலே 1874ஆம் ஆண்டு தொடக்கம் ஏறக்குறைய ஈராண்டு குருவாகப் பணியாற்றினார். கடற்காற்றினால் அவர் நலம் பெற்றார். 'லத்லாந்திதா' என்னும் காவியத்தை அந்தப் பயணங்களின்போதே செப்பனிட்டு நிறைவு செய்து, 1877ஆம் ஆண்டிலே பரிசு பெற்று, அதனைத் தம் புரவலருக்கே காணிக்கையாக்கினார். லோப்பெசின் மகள் இசபெலை மணந்தவர் எவுசேபி குவெல். கட்டடக்கலை மேதையாகிய கௌடியின் புரவலர் என்று உலகம் இன்று போற்றுபவர் அவரே. பார்சலோனாவுக்குச் செல்லும் உல்லாசப் பிரயாணிகள் வியந்து பார்க்கும் கட்டடங்கள் சிலவற்றுக்கும் சாந்தியாகோ பட்டினத்துக் கடைக்கும் இடையே இவ்வாறு ஓர் இழை ஓடுகின்றது. அழகிய பொருள்களின் பின்னேயும் கணக்குப் புத்தகம் உண்டு.

1883ஆம் ஆண்டு சனவரி மாதம் 16ஆந் திகதி பார்சலோனாவிலே லோப்பெஸ் காலமானார். கோமில்யாசிலே கட்டத் தொடங்கிய சோப்ரெயானோ மாளிகை முற்றுப்பெறுமுன்னரே மறைந்தார். மறு ஆண்டிலேயே நகரத்தார் வெண்கலச் சிலை நிறுவினர். சிலை நிறுவி ஓராண்டு கழிந்ததும் ஒரு நூல் வெளிவந்தது. 'அந்தோனியோ லோப்பெசின் உண்மையான வாழ்க்கை' என்பது அதன் பெயர். எழுதியவர் வேறெவருமல்லர், மனைவியின் சகோதரராகிய பிரான்சிஸ்கோ புரூ என்பவரே. தம் மைத்துனர் அடிமை வணிகத்தினாலே பொருளீட்டியவர் என்று அதிலே அவர் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். குடும்பச் சொத்துப் பற்றிய பகையே அவரை எழுதத் தூண்டியது என்பதில் ஐயமில்லை. ஆகவே நூல் முழுவதையும் வேதவாக்காகக் கொள்ள இயலாது. ஆயினும் பகைவன் சொன்னதால் மட்டும் உண்மை பொய்யாகிவிடாது. அவர் சாட்டிய குற்றத்தின் சாரத்தை ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் பத்திரச் சான்றுகள் உறுதிப்படுத்தின.

தந்தைக்குப் பின் மகன் கிளவுதியோ இரண்டாம் பிரபுவானார். தெய்வபக்தி மிக்கவர், தந்தை அடிகோலிய குருமடத்தைக் கட்டி முடித்து 1892ஆம் ஆண்டிலே திறந்துவைத்தவர். அவர் காலத்திலே கம்பனியின் கப்பல்கள் சுவெஸ் கால்வாய் வழியாக மணிலா வரை செல்லத் தொடங்கின. பார்சலோனாவிலிருந்து புறப்பட்டு, சுவெசைக் கடந்து, நமது கொழும்புத் துறைமுகத்தைத் தொட்டு, சிங்கப்பூர் வழியாகச் செல்வது அந்தக் கப்பற்பாதை. பிலிப்பைன் நாட்டின் தேசிய வீரராகிய ஹோசே ரிசால் 1896ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே மணிலாவிலிருந்து ஸ்பெயினுக்குக் கொண்டுபோகப்பட்டதும் இக்கம்பனியின் 'இஸ்லா தெ பனாய்' என்னும் கப்பலிலேதான். பிரயாணியாகக் கப்பலேறிய அவர், வழியிலேயே கைதியாக்கப்பட்டு, திரும்பவும் மணிலாவுக்கு அனுப்பப்பட்டு, டிசெம்பர் 30ஆந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார்.

இரண்டாண்டுகளில் பேரரசே வீழ்ந்தது. 1898ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவோடு நடந்த போரிலே கியூபா, புவேர்ட்டோ ரிக்கோ, பிலிப்பைன் ஆகிய மூன்றையும் ஸ்பெயின் இழந்தது. அப்போரிலே நிகழ்ந்த ஒரு சம்பவம் நம் கதைக்கு மிகப் பொருத்தமானது. முதற் பிரபுவின் பெயரையே தாங்கி, 1881ஆம் ஆண்டிலே டம்பார்ட்டனிற் கட்டப்பட்ட 'அந்தோனியோ லோப்பெஸ்' என்னும் கப்பல், பீரங்கிகளையும் வெடிமருந்தையும் ஏற்றிக்கொண்டு முற்றுகையை ஊடறுத்துப் புவேர்ட்டோ ரிக்கோவை அடைய முயன்றது. யூன் மாதம் 28ஆந் திகதி அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று அதனைத் துரத்தவே, சான் ஹுவான் துறைமுகத்துக்கு அண்மையிலே கற்பாரில் ஏறித் தரைதட்டியது. சரக்கிற் பெரும்பகுதியை ஸ்பானியர் கரைசேர்த்தனர். கப்பல் பின்னர் குண்டுவீச்சுக்கு இரையாகியது. அதன் எலும்புக்கூடு இன்றும் அக்கடலடியிலே கிடக்கின்றது. போர் முடிந்தபின், தோல்வியுற்ற படையை நோயோடும் பசியோடும் ஊருக்குத் திருப்பிக் கொணர்ந்தவையும் இக்கம்பனியின் கப்பல்களே. வழியிலே இறந்தவர்களின் உடல்களைக் கடலிலே இட்டுக்கொண்டே அவை வந்தன.

கம்பனி அதன் பின்னரும் பல்லாண்டு வாழ்ந்தது. பிரயாணிகளை ஏற்றும் அதன் கப்பல்கள் 1970களிலே ஓய்வு பெற்றன. சிலையின் கதையோ தொடர்ந்தது. 1936ஆம் ஆண்டிலே உள்நாட்டுப் போர் மூண்டபோது மக்கள் வெண்கலச் சிலையை வீழ்த்தி உருக்கினர். பிராங்கோவின் ஆட்சியிலே, 1944ஆம் ஆண்டில், கல்லினாற் செய்த புதிய சிலை அதே பீடத்தில் ஏற்றப்பட்டது. அதுவே 2018ஆம் ஆண்டிலே இறக்கப்பட்டது. ஒரே பீடத்தில் இருமுறை ஏறி இருமுறை இறங்கியது ஒருவருடைய உருவம்.

சிலையை இறக்கியதைப் பற்றி இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. வரலாற்றை அழிக்கலாகாது என்பர் சிலர். வரலாறு அழிக்கப்படவில்லை, வணக்கமே நிறுத்தப்பட்டது என்பர் வேறு சிலர். எனக்குத் தோன்றுவது இதுவே. லோப்பெசின் திறமை மெய், முயற்சி மெய், ஊருக்குச் செய்த நன்மையும் மெய். ஆயின் அவருடைய முதல் மூலதனத்திலே சேர்ந்திருந்த மனிதர்களும் மெய்யானவர்களே. அவர்கள் பெயர்கள் உறுதிப் பத்திரங்களிலே விலையோடு எழுதப்பட்டிருக்கின்றன. அவர்களுக்கு எவரும் பீடம் கட்டவில்லை. பெரியார் ஒருவருடைய வரலாற்றைச் சொல்லும்போது, அவர் கட்டியவற்றைக் கூறுவதோடு, எவருடைய தோளின்மீது நின்று கட்டினார் என்பதையும் கூறுதல் கடன். பாதியைச் சொல்லி மீதியை மறைப்பது வரலாறாகாது, அது விளம்பரமே.

கடல் கடந்து பொருள் தேடும் ஆசை எல்லா மக்களுக்கும் உரியது. நம்மவரும் அதிற் பின்னிற்கவில்லை. ஆகையால் கோமில்யாஸ் பிரபுவின் கதை எங்கோ தொலைவிலுள்ள ஒரு நாட்டாரின் கதைதானே என்று நாம் தள்ளிவிடுதற்கில்லை. பொருள் எவ்வளவு வந்தது என்று ஊரார் ஒரு நாள் வியப்பர். எவ்வழியில் வந்தது என்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மற்றொரு நாள் கேட்பர். பார்சலோனாவிலே அந்தக் கேள்வி எழ நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ஆயினும் அது எழுந்தே தீர்ந்தது.